ருசி பார்ப்பதே தொழில், உடம்பை எப்படிக் குறைப்பது?

கேள்வி: அடுப்படி, பள்ளத்தூர்

வணக்கம். எனக்கு 43 வயது. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. எடையை முதலிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் கடைசி வரை எழுத மாட்டேன். என் வீட்டுக்காரருக்குக்கூட இந்த எண் தெரியாது.

பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம், மாவுருண்டை. ஊரில் கல்யாணம், அறுபது எண்பது வயதுக்குச் செய்கிற சாந்தி என்று விசேஷம் வந்தால் ஆர்டர் வரும். தீபாவளிக்குச் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் வரை பார்சல் போகும். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து அங்கேதான் அடுப்பு போட்டிருக்கிறேன். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். முகப்பிலிருந்து பின்கட்டு வரை சாவி என்னிடம்தான். கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

17 வருடத்துக்கு முன்னால் இதை ஆரம்பித்தபோது நான் 61 கிலோ. சின்னவன் பிறந்த பிறகு 72. அப்புறம் வருடத்துக்கு ஒரு கிலோ போல ஏறிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு வருடத்தில் மட்டும் 9 கிலோ.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை மூன்றரைக்கு எழுந்து ஒரு டம்ளர் காப்பி. நாலு மணிக்கு மாவு பிசைய உட்கார்ந்தால் பத்தரை வரை அடுப்பை விட்டு நகர முடியாது. வெயில் ஏறுவதற்குள் எண்ணெய் வேலையை முடித்தாக வேண்டும். காலைச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது, பசிக்கவும் பசிக்காது. ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் ஒன்றை ஒடித்து வாயில் போட்டுப் பார்ப்பேன். உப்பு, காரம், வேக்காடு எல்லாம் அதில்தான் தெரியும். "வாயில் போடாமல் டப்பாவில் போடாதே" என்பது என் அம்மா சொல்லிக்கொடுத்தது. 17 வருடத்தில் ஒரு ஆர்டர்கூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மதியச் சாப்பாடு மூன்று, மூன்றரைக்கு. அதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிடும். எவ்வளவு சோறு போட்டுக்கொள்கிறேன் என்று பார்ப்பதில்லை. குழம்பு மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் சோறு, சோறு மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் குழம்பு. சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவேன். ஐந்து மணிக்கு எழுந்து காப்பி, பார்சல் கட்டுவது, கணக்கு. இரவு பத்தரைக்கு ஐந்தாறு தோசை. பதினொன்றுக்குப் படுத்தால் மறுபடி மூன்றரைக்கு அலாரம்.

போன மாதம் அதிரசத்துக்குக் களைந்த அரிசியை உலர்த்த மாடிக்கு எடுத்துப் போனேன். 22 படி. பாதிக்கு மேல் ஏற முடியவில்லை, மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியவன் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. வந்து கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு மேலே போனான். அன்றிலிருந்து அரிசி ஊறப்போட்ட நாளில் எல்லாம் அவனே சீக்கிரம் எழுந்து மாடியில் பரப்பிவிட்டுப் போகிறான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட்டு வலிக்காக ஒரு டாக்டரிடம் போனேன். என்ன சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன் என்று எதுவும் கேட்கவில்லை. முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டே, "வாயைக் கட்டுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. வலி வந்தால் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், உடனே கேட்கிறது. போன வாரம் எங்கள் பக்கம் நடந்த முகாமில் மட்டும் பார்த்தேன். இரத்த அழுத்தம் 146/94, மூன்று மாதச் சர்க்கரை 6.2.

நடந்தும் பார்த்தேன். மூன்றாம் நாளே தெருவில் ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்தார்கள். கூச்சமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். விசேஷ வீட்டில் இலையில் ஒன்று காலியானால் இன்னொன்று வந்து விழும். வேண்டாம் என்றால் ஆச்சிமார் மனசு கோணும். எனக்கு ஆர்டர் கொடுப்பவர்களே அவர்கள்தான்.

டயட் சார்ட் என்னிடம் நாலு இருக்கிறது. ஓட்ஸ், சாலட், கிரீன் டீ என்று போகிறது. எழுதியவர்கள் யாரும் என் அடுப்படியைப் பார்த்ததில்லை. தொழிலை விட முடியாது, விடவும் மாட்டேன். இரண்டு பிள்ளைகள் படிப்பதே இதில்தான். நான் யாரிடம் போய் உதவி கேட்பது? எதை முதலில் மாற்றுவது? நாள் முழுக்க அடுப்பில் நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வாயைக் கட்டு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.


பதில்: பழைய நர்ஸ்

தங்கச்சி, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்று. அந்த டாக்டர் பேசியது தவறு. உடம்பு பெருப்பதற்குப் பரம்பரை, தூக்கக் குறைவு, பிள்ளைப்பேறு, சில மருந்துகள் என்று பல காரணம் உண்டு. நோயாளி வெட்கப்பட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போவதுதான் இப்படிப் பேசுவதால் கிடைக்கிற பலன். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டால் பிஎம்ஐ 38க்கு மேல் வருகிறது. உலக அளவில் 30க்கு மேல் போனால் உடல் பருமன் என்பார்கள். நம் ஆட்களுக்கு 25லேயே அப்படிச் சொல்கிறார்கள், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரையும் அழுத்தமும் வந்துவிடுகிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இதைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். 61 கிலோவுக்குத் திரும்பிப் போகச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே, உங்களுக்கு ஐந்து கிலோகூட இல்லை, அழுத்தமும் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும்.

6.2 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தின படி. 5.7 முதல் 6.4 வரை அப்படித்தான் சொல்வோம். இந்த நிலைக்குப் பக்கத்தில் இருந்த நம் நாட்டு ஆட்களை வைத்துச் சென்னை டாக்டர்கள் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றியவர்களில் சர்க்கரை நோய்க்குப் போனவர்கள் ஏறக்குறைய 28 சதவீதம் குறைவு. பெரிய பட்டினி எதுவும் கிடக்கவில்லை அவர்கள். அதனால் நீங்கள் நல்ல நேரத்தில்தான் கேட்கிறீர்கள்.

இப்போது எனக்குக் கவலை தருகிற இடத்துக்கு வருகிறேன். கடைசி இரண்டு வருடத்தில் 9 கிலோ என்கிறீர்கள். இரண்டு வருடமாகத்தான் கடை மாத்திரை போடுகிறீர்கள். மூட்டு வலிக்குக் கடையில் அட்டையைக் கத்தரித்துப் பிரித்துக் கொடுக்கிற மாத்திரைகளில் சில நேரம் ஸ்டீராய்டு இருக்கும். வலி உடனே கேட்பதும் அதனால்தான். அது பசியைக் கிளப்பும், எடையை ஏற்றும், அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். என்ன மாத்திரை என்று பெயரைப் படித்து எழுதுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்டுப் போட்டதைத் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காமல் மயக்கம், வாந்தி, அழுத்தம் இறங்குவது என்று ஆபத்தாகிவிடும். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொற்றா நோய்ப் பிரிவு என்று கேளுங்கள். அழுத்தமும் சர்க்கரையும் பணம் வாங்காமல் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருவார், அவரிடம் சொன்னாலும் வழி காட்டுவார். தைராய்டு பரிசோதனை கேளுங்கள். தூக்கத்தில் குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அப்படி இருந்தால் எவ்வளவு நேரம் படுத்தாலும் தூங்கின மாதிரி இருக்காது, அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு.


பதில்: தேவகோட்டை அடுப்புக்காரன்

அக்கா, நானும் அடுப்பில் நிற்கிறவன்தான். கல்யாணச் சமையல். 112 கிலோ இருந்தேன், இப்போது 98. மூன்று வருடம் ஆனது. நடுவில் ஒரு தடவை 6 கிலோ திரும்ப ஏறி, மறுபடி இறக்கினேன். சீக்கிரம் இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த வேலை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் நாளைக்கே செய்யுங்கள். ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ருசி பார்க்கிற ஒவ்வொரு தடவையும், நீங்கள் வாயில் போட்ட அளவுக்கே இன்னொரு துண்டை அந்தக் கிண்ணத்தில் போடுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், வழக்கம்போல ருசி பாருங்கள். வேலை முடிந்ததும் கிண்ணத்தைத் தராசில் வையுங்கள். நான் டம்ளரில் பாயசம் ஊற்றி வைத்துப் பார்த்தேன். ருசி பார்த்ததே ஒன்றரை டம்ளர். அன்றைக்கு யாராவது பாயசம் குடித்தாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். அத்தனையும் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

இன்னொன்று, தொழில்காரனாகச் சொல்கிறேன். பத்து தடவை ருசி பார்த்தால் நாக்கு மரத்துவிடும். கடைசி ஈடுகளுக்கு நம் நாக்கு சொல்வது சரியாகவே இருக்காது. மாவில் உப்பு ஒரு தடவை பிசைந்ததுதானே? முதல் ஈட்டில் பார்த்தால் போதும், அது எட்டாவது ஈட்டில் மாறாது. மாறுவது வேக்காடுதான். அதற்கு எண்ணெயின் சத்தம் இருக்கிறது. சடசடப்பு அடங்கி நுரை ஓய்ந்தால் வெந்துவிட்டது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்றை எடுத்து ஒடித்தால் உடைகிற சத்தத்திலேயே மொறுமொறுப்பு தெரிந்துவிடும், அதற்கு வாய் வேண்டாம். நடுவில் ஒரு தடவை அந்த இரண்டு பெண்களில் ஒருவரை ருசி பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் தொழில் கற்றுக்கொள்வார்கள்.

விசேஷ வீட்டு விஷயம். "ஆச்சி, இது உங்க கையால செஞ்சது, இலையில வீணாக்க மாட்டேன், கட்டிக் குடுங்க, பிள்ளைகளுக்குக் கொண்டு போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இதுவரை ஒருவரும் என்மேல் கோபித்ததில்லை. பெரும்பாலும் ஒன்று கேட்டால் நாலு கட்டிக் கொடுக்கிறார்கள். அதை வீட்டுக்கு வரும் வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.


பதில்: கண்டனூர் பாதயாத்திரை

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் நானும் 9 வருடமாக நடக்கிறேன். முதல் வருடம் போய் வந்து எடை பார்த்தேன். ஒரு கிலோகூடக் குறையவில்லை. வழி நெடுக அன்னதானம், பசிக்குப் பசி சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு மிகவும் மனம் விட்டுப்போனது. ஆனால் அந்த வருடம் எனக்கு மூச்சு வாங்குவது நின்றது, தூக்கம் வந்தது, சர்க்கரை இறங்கியது. அதனால் நடையை எடைக்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். எடையைக் குறைப்பதில் சாப்பாட்டுக்குத்தான் பெரிய பங்கு. குறைந்ததைத் திரும்ப ஏறாமல் வைத்திருக்க நடை வேண்டும்.

தெருவில் கூச்சம் என்கிறீர்கள். உங்கள் கையில் ஒரு பெரிய வீட்டுச் சாவி இருக்கிறதே! வளவை, அதுதான் வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றி இருக்கிற தாழ்வாரத்தை, சுற்றுங்கள். எங்கள் வீட்டு வளவு ஒரு சுற்றுக்கு 70 அடி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் நான் அங்கேதான் நடப்பேன். நிழல், காற்று, தூண் வரிசை, பார்க்க ஒருவரும் இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழுக்கும். சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் சுற்றினாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை அடங்கும்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்வார்கள். அதை முதல் மாதமே எட்ட வேண்டும் என்று இல்லை. மூட்டு வலிக்காகப் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு கிலோ குறைந்தால் வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ சுமை குறைகிறது. இதை எனக்கு ஒரு மூட்டு டாக்டர் சொன்னபோதுதான் நம்பிக்கை வந்தது.


பதில்: புதுவயல் வாசகி

கவுனி அரிசியும் கருப்பட்டியும் சாப்பிட்டால் எடை ஏறாது என்கிறார்களே, உண்மையா? அப்புறம் வாரம் ஒரு ஊசி போட்டால் குறைகிறதாமே, அது அடுப்படி அக்காவுக்குச் சரிவருமா?


பதில்: கோட்டையூர்ப் பெண்

நான் மதுரையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது கோட்டையூர். முதலில் புதுவயல் அக்காவுக்கு. கவுனி அரிசியில் நார்ச்சத்து உண்டு, நல்ல அரிசி. ஆனால் நம் ஊரில் அதைச் சீனி, தேங்காய், நெய் போட்டுத்தானே சாப்பிடுகிறோம்? கருப்பட்டிக்கும் சீனிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊசி உண்மைதான். செமாகுளுடைட், டிர்செபடைட் என்று இரண்டு, எடைக்காக 2025இல் இந்தியாவுக்கு வந்தன. பசியை அடக்கும், எடையும் நன்றாகக் குறையும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்கக் கூடாது. குமட்டல், வாந்தி வரலாம், நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, செலவும் அதிகம். பிஎம்ஐ 38 இருக்கிறவருக்கு அது கேட்கக் கூடாத கேள்வி கிடையாது. ஊசி போட்டுக்கொள்வதும் அறுவை சிகிச்சை செய்துகொள்வதும் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் அடுப்படி அக்கா முதலில் அந்த மாத்திரையைப் பார்க்கட்டும், பழைய நர்ஸ் அம்மா சொன்னதுதான் சரி.

அடுப்படி அக்கா, உங்கள் நாளை எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், என்னிடம் வருகிறவர்கள் இப்படிச் சொல்ல நாலு தடவை வரவேண்டியிருக்கும். அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: நீங்கள் அதிகம் சாப்பிடுவதைவிட, சாப்பாட்டு வேளையே இல்லாமல் இருக்கிறீர்கள். மூன்றரைக்கு எழுந்து மதியம் மூன்றரை வரை, 12 மணி நேரம் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்தப் பசிதான் மதியம் சோற்றில் போய் நிற்கிறது.

ஏழு மணிக்கு அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு 15 நிமிடம் மூன்று பேரும் உட்காருங்கள். இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை. அல்லது முந்தின நாள் ஊறப்போட்ட பாசிப்பயறு சுண்டல். பருப்பு, பயறு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும், அதுதான் வயிற்றில் நிற்கும். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குள் கொண்டுவாருங்கள். முதலில் காயைத் தட்டில் வையுங்கள், அப்புறம் சோறு. நம் ஊர்ச் சமையல் என்றாலே எண்ணெயும் மசாலாவும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். முருங்கைக்கீரைத் தண்ணிச்சாறு, கோழி ரசம், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டி, இதெல்லாம் யாருடைய சமையல்? என் அப்பத்தா இதைத்தான் தினமும் சமைத்தார். பலகாரம் நல்ல நாளுக்கு மட்டும்தான். உங்களுக்கு ஆர்டரினால் தினமும் நல்ல நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

பலகாரம் பொரித்து மிஞ்சின எண்ணெய் வீட்டுக் குழம்புக்குப் போகிறதா? பலரும் செய்கிறார்கள், அதனால் கேட்கிறேன். போகிறது என்றால் அதை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் உடம்புக்கு ஆகாது, மிஞ்சியிருக்கிறதே என்று கை தாராளமாகவும் ஊற்றும். வீட்டுக்கு என்று தனிப் பாட்டில் வைத்து, ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். உப்பும் அப்படி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் அழுத்தத்துக்கு வற்றலும் ஊறுகாயும் கொஞ்ச நாள் எட்டி இருக்கட்டும்.

தூக்கத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, மூன்றரைக்கு எழுந்தே ஆகவேண்டும் என்பது உங்கள் தொழில். அப்படியானால் படுப்பதை ஒன்பதரைக்குக் கொண்டுவர முடியுமா? இரவுச் சாப்பாடு எட்டு மணி, கணக்கு எழுதுவது மதியம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி அதிகமாகும், அதிலும் இனிப்பும் எண்ணெயும் தேடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். ஏழு மணிச் சாப்பாட்டை மட்டும் இரண்டு வாரம் பாருங்கள்.


மறுமொழி: அடுப்படி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து வருகிறேன், கிண்ணக் கணக்கோடு.

நேற்று தேன்குழலும் மனகோலமும், கொஞ்சம் சீப்புச் சீடையும் போட்டோம். தேவகோட்டைத் தம்பி சொன்னபடி ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் போட்டேன். எட்டு மணிக்கே கிண்ணம் நிறைந்துவிட்டது, இன்னொரு கிண்ணம் எடுத்தேன். வேலை முடிந்ததும் பார்சல் தராசில் வைத்தால் 236 கிராம். நான் விற்கிற கால் கிலோ பாக்கெட் ஏறக்குறைய ஒன்று. என் வேலைக்காரப் பெண் இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னாள். அதே எண்தான் வந்தது. வெகுநேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் சாப்பிடுவதே இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன்.

கோட்டையூர்த் தங்கச்சி, 236 கிராம் என்றால் எவ்வளவு கலோரி? எண்ணெய் விஷயமும் நீங்கள் கேட்டது சரிதான், மிஞ்சினது குழம்புக்குத்தான் போகிறது.

மாத்திரை உறையைத் தேடினேன். கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு, பெயர் பாதிதான் இருந்தது. பழைய துண்டு ஒன்று டப்பாவில் கிடந்தது, பெரியவன் சேர்த்து வைத்துப் படித்தான். டெக்ஸாமெத்தசோன் என்று இருக்கிறது. வாரத்தில் நாலைந்து நாள் போடுகிறேன். குறட்டை பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டேன். தினமும் உண்டு, மூச்சு நின்று திடுக்கென்று எழுவது உண்டு என்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். நீ வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை என்றார்.


பதில்: கோட்டையூர்ப் பெண்

எண்ணெயில் பொரித்த பலகாரம் 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி. உங்கள் கிண்ணத்தில் 1,100க்கு மேல் இருக்கிறது. ஏறக்குறைய 900 கிராம் சோறு. பாதியாகக் குறைந்தாலே போதும் அக்கா, ஒரு சாப்பாடு மிச்சம். உங்கள் மதியச் சோற்றில் நான் கை வைக்கவே வேண்டியதில்லை.


பதில்: பழைய நர்ஸ்

அது ஸ்டீராய்டுதான். நாள் கடத்தாதீர்கள், நாளைக்கே போங்கள். இரண்டு துண்டு உறையையும், எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை என்ற கணக்கையும் எழுதி எடுத்துப் போங்கள். நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், டாக்டர் பார்க்கிறவரை. குறட்டையைச் சொல்ல மறக்காதீர்கள். அங்கே யாராவது முகம் சுளித்தால், "எனக்கு உதவி வேண்டும், அதற்காகத்தான் வந்தேன்" என்று நேராகச் சொல்லுங்கள். உட்கார வைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், நான் 31 வருடம் அவர்களோடுதான் வேலை பார்த்தேன்.


மறுமொழி: அடுப்படி

ஐந்து வாரம் ஆகிவிட்டது. தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும், இரண்டு சாந்தி ஆர்டர் சேர்ந்து வந்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண் டாக்டர். எடை பார்க்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதி என்னிடம் காட்டினார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. மாத்திரைத் துண்டுகளைப் பார்த்ததும் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே படிப்படியாகக் குறைக்க அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தைராய்டு சரியாக இருக்கிறது. அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. குறட்டைக்கு மதுரையில் தூக்கப் பரிசோதனைக்கு நாள் வாங்க வேண்டும்.

எடை 92.1. மூட்டு வலி முன்னைவிட அதிகம்தான், அந்த மாத்திரை குறைகிறதல்லவா. சில நாள் காலையில் அழுகிற மாதிரி வலிக்கிறது. வெந்நீர் ஒத்தடமும், உட்கார்ந்தபடி காலை நீட்டித் தூக்குகிற பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், செய்கிறேன்.

ஏழு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆரம்பத்தில் அந்தப் பெண்களுக்கு வேலை தள்ளிப்போகிறதே என்று இருந்தது. இப்போது அவர்களே இலை போட்டுவிடுகிறார்கள். கிண்ணம் இன்னும் இருக்கிறது. பெரியவன் ராத்திரி அதை நிறுத்து என் கணக்கு நோட்டில் ஆர்டருக்குப் பக்கத்தில் எழுதுகிறான். நேற்று 74 கிராம். அதிரசம் போடுகிற நாளில் மட்டும் கூடிவிடுகிறது, பாகுப் பதம் பார்க்க எனக்கு இன்னும் என் நாக்கைத்தான் நம்ப முடிகிறது. அதை மாற்ற இப்போதைக்கு மனம் இல்லை.

மதியம் சாப்பிட்டதும் வளவில் நடக்கிறேன். ஒரு சுற்றுக்கு 82 அடி. பன்னிரண்டு சுற்றில் ஆரம்பித்து இப்போது இருபது. ஆச்சி சென்னையிலிருந்து போனில் பேசும்போது, உங்க வளவுல நடக்கிறேன், பரவாயில்லையா என்று கேட்டேன். நடக்க ஆள் இல்லாமத்தானே அந்த வீடு கிடக்கு, நட ஆத்தா என்றார்.

வீட்டுக்காரரிடம் எடையைச் சொல்லிவிட்டேன். 94 இருந்தது, இப்போது 92 என்று. சரி, மதுரைக்கு என்றைக்குப் போகணும் என்று மட்டும் கேட்டார். இராத்திரிச் சாப்பாடுதான் இன்னும் ஒன்பதரையைத் தாண்டுகிறது, எட்டு மணிக்கு வர முடியவில்லை. கணக்கை மதியம் எழுதினால் தூக்கம் வருகிறது. இதற்கு யாராவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள். நாளைக்கு மாவுருண்டை ஆர்டர், பாசிப்பருப்பு வறுத்து வைக்க வேண்டும். அப்புறம் வந்து படிக்கிறேன்.